அத்தையின் தனி அடுப்பு

கார் வாங்கியதிலிருந்துதான் தொடங்க வேண்டும். என் வீட்டுக்காரர் பல வருஷமாக ஐடி கம்பெனி ஆட்களை ஏற்றி இறக்கும் வண்டி ஓட்டினார். வண்டி வேறு ஒருவருடையது. சொந்தமாக ஒன்று வேண்டும் என்று பேங்க்குக்குப் போனால், வருமான வரி ரிட்டர்ன் கொண்டு வா என்றார்கள். வரி கட்டுகிற அளவுக்கு எங்களுக்கு ஏது வருமானம்! ஆனாலும் லோன் வேண்டும் என்றால் காகிதம் வேண்டும். ஒரு ஆடிட்டரைப் பிடித்து, இருக்கிற வருமானத்தைக் கொஞ்சம் ஊதிக் காட்டி ரிட்டர்ன் போட்டோம். லோனும் வந்தது, காரும் வந்தது. பெங்களூர் நீலசந்திராவில் எங்கள் சந்துக்குள் அது நுழையாது என்பதால் மெயின் ரோட்டிலேயே நிறுத்திப் பூஜை போட்டோம். டயருக்கு எலுமிச்சம்பழம் வைத்தது அத்தைதான்.

அத்தை என்றால் என் மாமியார். மாமனார் திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து இங்கே மூட்டை தூக்க வந்து, மூன்று ஆள் படுக்கிற அகலத்துக்கு ஒரு வீடு கட்டி, அதன்மேல் ஒரு மாடி கட்டி, அதற்கும் மேலே ஷீட் போட்ட ஒரு அறையைக் கட்டி முடித்த கையோடு போய்ச் சேர்ந்துவிட்டார். அதிலிருந்து அத்தைக்கு விதவை பென்ஷன் வந்துகொண்டிருந்தது.

ரிட்டர்ன் போட்டது வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதை என்று எங்களுக்கு ரேஷன் கடையில்தான் தெரிந்தது. மிஷினில் விரலை வைத்தால், கார்டு ரத்து என்று வந்தது. வரி கட்டுகிற குடும்பத்துக்கு ஏழைகளின் கார்டு எதற்கு என்று அரசாங்கம் கேட்கிறது; நியாயமான கேள்விதான். கார்டு போன பின்னாலேயே அத்தையின் பென்ஷனும் நின்றது. ஊசி போகிற இடத்தைப் பார்க்கிற கம்ப்யூட்டர், உலக்கை போகிற இடத்தைப் பார்க்காது. ஊரில் எத்தனை பேர் அடுக்குமாடி கட்டிக்கொண்டு அதே கார்டில் அரிசி வாங்குகிறார்கள் என்பது எங்கள் சந்து நாய்க்குக்கூடத் தெரியும்.

பென்ஷன் பெரிய தொகை இல்லை. ஆனால் அந்த வீட்டில் அத்தை யாரையும் கேட்காமல் செலவழிக்கிற காசு அது ஒன்றுதான். வெள்ளிக்கிழமை எனக்குக் கனகாம்பரம் வாங்கி வருவார். தன் தலையில் வைக்க முடியாத பூவை என் தலையில் வைத்து, தள்ளி நின்று பார்ப்பார். ஆடி மாதம் அம்மன் கோயில் கூழுக்குத் தன் பங்காக ஒரு படி கேழ்வரகு கொடுப்பார். சந்தாபுராவில் கட்டிக் கொடுத்த மகள் வந்தால் வெறும் கையோடு அனுப்பமாட்டார். பென்ஷன் நின்ற பிறகு வந்த முதல் வெள்ளிக்கிழமை, அவர் கடைத்தெருப் பக்கமே போகவில்லை. முட்டி வலிக்கிறது என்றார்.

"அந்தக் காசு நான் குடுக்கறேம்மா. மாசா மாசம் உன் கையில வெக்கறேன்" என்றார் என் வீட்டுக்காரர்.

"நீ குடுத்தா அது உன் காசுடா. அத வாங்கி உன் தங்கச்சிக்குக் குடுத்தா, அண்ணன் காசுல வளையல் போட்டுக்கினான்னு நாளைக்கு ஒரு பேச்சு வரும். இது எங்க வூட்டுக்காரு செத்ததுக்கு கவர்மெண்ட்டு எனக்குனு குடுத்தது."

அவரும் சாவியை எடுத்துக்கொண்டு வண்டிக்குப் போய்விட்டார். ஆனால் அன்று முதல் எப்படியாவது அம்மாவுக்கு அந்தப் பென்ஷனைத் திரும்ப வாங்கித் தரவேண்டும் என்று ஒரு பிடிவாதம் அவருக்கு வந்துவிட்டது. தான் வாங்கிய காரால்தானே போயிற்று என்று அவருக்கு ஒரு உறுத்தல்.

மெயின் ரோட்டில் சைபர் சென்டர் வைத்திருக்கும் அக்காதான் வழி சொன்னார். ஆதார் திருத்தம், ரேஷன் கார்டு, பென்ஷன் மனு என்று எல்லாம் அவர் கம்ப்யூட்டர் வழியாகத்தான் எங்கள் தெருவிலிருந்து அரசாங்கத்துக்குப் போகும். "உங்க கூட இருக்கற வரைக்கும் அம்மாவுக்கு ஒண்ணும் வராது. அம்மாவத் தனிக் குடும்பமாக் காட்டுங்க. தனிக் கார்டு, தனி அடுப்பு. புள்ள பாத்துக்கறதில்லன்னு சொல்லணும். செக் பண்ண வருவாங்க, வந்து அடுப்பத்தான் பாப்பாங்க. அவ்ளோதான், ஆய்த்து" என்றார். கெட்டவர் இல்லை. அவர் கேட்ட கூலியும் அதிகமில்லை. எத்தனையோ வீடுகளுக்கு அவர் இப்படி அடுப்பைப் பிரித்துக் கொடுத்திருக்கிறார்.

இதைக் கேட்டதும் எனக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. மருமகளோடு சண்டை போட்டுக்கொண்டு மாமியார் தனி உலை வைப்பதை எங்கள் சந்தில் நிறையப் பார்த்திருக்கிறேன். சண்டையே இல்லாமல், அரசாங்கத்துக்காக உலை பிரிக்கிற முதல் மாமியார் மருமகள் நாங்கள்தான் என்று அத்தையிடம் சொன்னேன். அவரும் சிரித்தார். "சண்டை ஒண்ணு போட்டுட்டா கச்சிதமா இருக்கும், இன்னாத்துக்கு சண்ட போடலாம் சொல்லு" என்றார்.

மொட்டைமாடி அறையில் இருந்த பழைய சாமான்களை இறக்கிவிட்டு ஒரு சிங்கிள் பர்னர் ஸ்டவ், இரண்டு பாத்திரம், ஒரு பாய், தண்ணீர்க் குடம் வைத்தோம். எல்லாம் காட்டுவதற்குத்தான். அவர் வழக்கம்போல் கீழே சாப்பிட்டு, கீழேதான் படுப்பார். செக் பண்ண வருகிற அன்றைக்கு மட்டும் மேலே ஏறினால் போதும் என்பது எங்கள் திட்டம்.

அங்கேதான் ஒரு தப்பு நடந்தது. ஸ்டவ் பற்றுகிறதா என்று பார்க்க நான் லைட்டரைத் தட்டப் போனேன். அத்தை கையைப் பிடித்துவிட்டார். "புது அடுப்புல பால் காச்சாம பத்த வெப்பியா? இன்னா பொண்ணு நீ" என்றார். எங்களவர்களில் குடிசைக்குக் குடி போனாலும் பால் பொங்கவிடாமல் யாரும் அடுப்பு மூட்டமாட்டார்கள். இது குடித்தனம் இல்லையே அத்தை, நாடகம்தானே என்றேன். நாடகமோ நிஜமோ, நெருப்புக்குத் தெரியாது என்றார். நல்ல நேரம் பார்த்து, ஸ்டவ்வுக்கு மஞ்சள் குங்குமம் வைத்து, பால் காய்ச்சினார். பால் கிழக்குப் பக்கம் பொங்கி வழிந்தது. எனக்கும் இவருக்கும் ஆளுக்கொரு டம்ளர் கொடுத்தார். நாங்களும் சந்தோஷமாகக் குடித்தோம்.

பிறகு வசனம். அத்தைக்குக் கன்னடம் நன்றாகவே வரும். காய்கறிக்காரனோடு மணிக்கணக்கில் பேரம் பேசுவார். ஆனால் இந்த இரண்டு வாக்கியம் மட்டும் வாயில் வரவில்லை. "நனகெ யாரூ இல்லா. மக நோட்கொள்ளல்லா." எனக்கு யாருமில்லை, மகன் பார்த்துக்கொள்வதில்லை. முதல் வாக்கியத்தைச் சொல்லிவிடுவார். இரண்டாவதுக்கு வரும்போது, "மக நல்லாத்தான்மா பாத்துக்கறான்" என்று தமிழில் முடித்துவிடுவார். நாங்கள் விழுந்து விழுந்து சிரிப்போம். ஆபீஸிலிருந்து வருகிற அன்றைக்கு மகன் வீட்டில் இருக்கக்கூடாது, முகத்தைப் பார்த்தால் சொல்ல வராது என்று அத்தையே சொல்லிவிட்டார்.

காலையில் வருவதாகச் சொன்ன அதிகாரி அம்மா விளக்கு வைக்கிற நேரத்துக்குத்தான் வந்து சேர்ந்தார். சின்ன வயசு. பாவம், நாள் முழுக்க எத்தனை வீடு ஏறி இறங்கினாரோ, மாடிப்படியில் நின்று நின்று வந்தார். நான் வீட்டு ஓனர் என்று நின்றேன். அத்தை ஸ்டவ் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அதிகாரி அம்மா அவருக்கு எதிரில் தரையிலேயே உட்கார்ந்து, தண்ணீர் வாங்கிக் குடித்து, பாட்டி என்கிற மாதிரி அஜ்ஜி என்று கூப்பிட்டு மெதுவாகத்தான் கேட்டார்.

அத்தை இரண்டு வாக்கியத்தையும் சொன்னார். திக்காமல், என் பக்கம் பார்க்காமல் சொன்னார். சொல்லி முடித்ததும் அழுதுவிட்டார். அந்த அழுகை நாங்கள் சொல்லிக் கொடுத்தது இல்லை. அதிகாரி அம்மாவுக்கும் கண் கலங்கிவிட்டது. வாடகை எவ்வளவு வாங்குகிறீர்கள் என்று என்னைக் கேட்டார். வாங்குவதில்லை, பாவம் என்று விட்டிருக்கிறோம் என்றேன். நீங்கள் நல்ல ஜனம், இந்தக் காலத்தில் பெற்ற பிள்ளையே செய்யாததைச் செய்கிறீர்கள் என்று கன்னடத்தில் சொல்லி என் தோளைத் தொட்டுவிட்டுப் போனார்.

அன்று சாப்பாட்டுக்குக் கூப்பிட்டேன். அத்தை இறங்கி வரவில்லை. அசதியாக இருக்கும் என்று தட்டில் போட்டு எடுத்துக்கொண்டு போனேன். மேலே ஸ்டவ்வில் ஒரு கைப்பிடி அரிசி கொதித்துக்கொண்டிருந்தது. என் தட்டைத் தொடவில்லை. மறுநாளும் அப்படியே. பாயை விரித்து மேலேயே படுத்துக்கொண்டார். நாங்கள் ஏதோ மனம் நோகச் செய்துவிட்டோம் என்று பதறிப்போய்க் கேட்டதற்கு, என்னை உட்கார வைத்துச் சொன்னார்.

"கோவம்லாம் இல்லம்மா. விளக்கு வெக்கிற நேரத்துல, பால் பொங்கின அடுப்பாண்ட உக்காந்துக்கினு, எனக்கு யாரும் இல்லன்னு சொல்லிட்டேன். மேல போற தேவத ததாஸ்து, அப்பிடியே ஆவட்டும்னு சொல்லியிருக்கும். சொன்ன சொல்லு சும்மா போவாது. அது பலிக்க ரெண்டே வழிதான் கீது. ஒண்ணு எம்புள்ள இல்லாம போவணும். இல்லன்னா நான் யாரும் இல்லாதவளா இருக்கணும். நான் இருந்துட்டுப் போறேன்."

நான் படித்தவள் இல்லை என்றாலும் இந்த மாதிரி பேச்சை நம்புகிறவளும் இல்லை. "நீங்க கன்னடத்துலதானே சொன்னீங்க, நம்ம தேவதைக்கு என்னா புரிஞ்சிருக்கும்?" என்று சிரிக்க வைக்கப் பார்த்தேன்.

"பெங்களூர் தேவதடி. அதுக்கு எல்லாம் வரும்" என்று அவரும் சிரித்தார். சிரித்துவிட்டு எழுந்து தன் பாத்திரத்தைக் கழுவப் போய்விட்டார்.

புதுக் கார்டு வந்தது. பென்ஷனும் சில மாதம் கழித்து வந்தது. வந்தால் இறங்கிவிடுவார் என்று நம்பினேன். வெள்ளிக்கிழமை பூ வந்தது, அவர் வரவில்லை. மாடிப்படியில் நின்றபடி பூவை நீட்டுவார், நான் கீழ்ப்படியிலிருந்து வாங்கிக்கொள்வேன். எங்கள் சாப்பாட்டில் ஒரு வாய் தின்னமாட்டார், ஆனால் நான் மீன் குழம்பு வைத்தால் மேலே இருந்தே "புளி தூக்கலா கீது" என்று சொல்லிவிடுவார். மகன் வண்டியை எடுக்கப் போகும்போது கைப்பிடிச் சுவரில் சாய்ந்து அவர் தெரு முனை திரும்புகிறவரை பார்ப்பார். மகன் சுகமாக வந்து சேர்ந்துவிட்டால் கையைத் தலைக்குமேல் கூப்புவார். அவர் திரும்பி வந்த ஒவ்வொரு நாளும், தான் தனியாக இருப்பது வேலை செய்கிறது என்று அத்தைக்கு ஒரு அத்தாட்சி. இந்தக் கணக்கோடு நான் எப்படி வாதாடுவது?

என் வீட்டுக்காரர் போராடாத நாள் இல்லை. பென்ஷனே வேண்டாம், எழுதிக் கொடுத்துவிடலாம் என்றார். "காச திருப்பிக் குடுக்கலாம், சொன்னத திருப்ப முடியுமாடா" என்று கேட்டார் அத்தை. ஒருநாள் இவர் தட்டோடு மாடிக்குப் போய் அவர் எதிரில் உட்கார்ந்துகொண்டார். அத்தை எழுந்து வெளியே போய் வெயிலில் நின்றார். இவர் தட்டைக் கழுவாமல் கொண்டுவந்து என் முன்னால் வைத்துவிட்டு, சுவரைப் பார்த்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். எனக்குக் கோபம் வந்தது. யார்மேல் வருவது என்றுதான் தெரியவில்லை. சைபர் சென்டர் அக்கா தெருவில் சிரித்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். யாருமற்றவர்களுக்குத்தான் காசு என்று எங்கோ உட்கார்ந்து எழுதியவரை மனதுக்குள் திட்டுவேன். பிள்ளை இருக்கிற அம்மாவுக்கும் ஒரு முழம் பூ வாங்க ஆசை இருக்கும் என்று அந்த ஆளுக்கு யாராவது சொல்லியிருக்க வேண்டும். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பார்கள். இங்கே பூசாரி கொடுத்துவிட்டான், நாங்கள்தான் கேட்கக்கூடாத விதத்தில் கேட்டுவிட்டோம்.

மழைக்காலத்தில் ஷீட் அறை ஈரமாகிவிடும். பெங்களூர் குளிர் வேறு. இருமல் வந்தது, மாத்திரையில் அடங்கியது, திரும்ப வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அத்தை தண்ணீர் பிடிக்க இறங்கவில்லை. போய்ப் பார்த்தால் உடம்பு கொதித்தது, மூச்சு விசில் அடித்தது. இவர் அவரை இரண்டு கையிலும் தூக்கிக்கொண்டு சந்து முழுக்க ஓடி, கார் நின்ற இடத்துக்குக் கொண்டுபோனார். அந்தக் காரில் அத்தை ஏறியது அதுதான் முதல் தடவை.

ஆஸ்பத்திரியில் அத்தையின் கார்டைக் கொடுத்தோம். அதில்தான் வைத்தியம் இலவசம். பதிவு செய்கிறவர் இவரைப் பார்த்து, பேஷன்ட் உங்களுக்கு என்ன உறவு என்று கேட்டார். கார்டில் அத்தை ஒற்றை ஆள். மகன் என்றால் இங்கேயும் ஏதாவது ரத்தாகிவிடுமோ என்று ஒரு கணம் தயங்கியது எனக்குத் தெரிந்தது. அத்தை ஸ்ட்ரெச்சரிலிருந்து இவரையே பார்த்துக்கொண்டிருந்தார். "மனெ ஓனர்", வீட்டு ஓனர் என்றார் இவர். அவரும் அப்படியே எழுதிக்கொண்டார். அத்தை மகனின் கையைத் தட்டி, "நல்லா சொன்னடா" என்றார்.

வார்டில் அத்தைக்குக் கொஞ்சம் தெளிந்தது. நான் கஞ்சி கொண்டு போனேன், குடிக்கமாட்டார் என்று தெரிந்தே. மூடியைத் திறந்ததும், "குடு" என்றார். நான் முழித்தேன்.

"இங்க இன்னா எனக்கு அடுப்பா கீது? ஆஸ்பத்திரில யார் குடுத்தாலும் சாப்பிடலாம்" என்றார்.

அதற்குப் பிறகு இவர் வண்டிக்கே போகவில்லை. மூன்று வேளையும் நான் கொண்டு வருவதைக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து ஊட்டினார். மிச்சத்தை அதே டிபன் பாக்ஸில் இவரும் நானும் சாப்பிட்டோம். அத்தை என் ரசத்தில் உப்பு சரியில்லை என்றார். பக்கத்துக் கட்டில்காரியிடம், வீட்டு ஓனர், ரொம்ப நல்ல பையன் என்று மகனைக் காட்டிச் சொல்லிவிட்டு எங்களைப் பார்த்துக் கண்ணடித்தார். மருந்து வாசனையும் கூச்சலுமாக இருந்த அந்த வார்டில், நாங்கள் எவ்வளவோ மாதத்துக்குப் பிறகு ஒரு குடும்பமாகச் சாப்பிட்டோம். இங்கேயே இருந்துவிடலாமா என்றுகூட எனக்குத் தோன்றியது.

அப்புறம் ஒரு மத்தியானம், இவர் ஊட்டிய இரண்டாவது கரண்டி வாயிலேயே நின்றுவிட்டது.

உடலை வாங்கக் கவுன்ட்டருக்குப் போனோம். வயதான ஒருவர் கேஸ் ஷீட்டைப் புரட்டினார். ஓனருக்குத் தர முடியாது, சொந்தக்காரர் யாராவது வரவேண்டும் என்றார் கன்னடத்தில். நான்தான் மகன் என்றார் இவர். அவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு ஷீட்டை மறுபடி பார்த்தார். இதில் அப்படி இல்லையே என்றார். இவர் "நம் அம்மா சார், நம் அம்மா" என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னார். நான் இரண்டு ஆதாரையும் எடுத்துக் கொடுத்தேன். ஒன்றில் மாமனாரின் மனைவி என்று இருந்தது, இன்னொன்றில் மாமனாரின் மகன் என்று. அவர் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, விரலால் அந்த ஒரே பெயரைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்.

பிறகு தலையைத் தூக்கி, ஒரு ஏச்சும் இல்லாமல், நிஜமாகவே புரியாமல் கேட்டார்.

"அப்படின்னா பெத்த தாயையா வாடகைக்கு வெச்சிருந்தீங்க?"

"ஹௌது சார்" என்றார் என் வீட்டுக்காரர். ஆமாம் என்று சொல்லிவிட்டு, அவர் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டார்.